29 மார்க் வாங்கிய சிஸ்டருக்கு

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு செவிலியர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியூவில் 9 வருடமாக வேலை. மாதத்தில் பத்து நாள் நைட் டியூட்டி. இரண்டு மாதத்துக்கு முன்பு மாமியார் கழிவறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. இந்த நேரத்தில் பி.ஜி. மாணவர் ஒருவர் தன் தீசிஸுக்காக ஐசியூ செவிலியர்கள் எல்லாரிடமும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். தாளின் மேலே பெயரும் பணியாளர் எண்ணும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து இன்சார்ஜ் சிஸ்டர் கூப்பிட்டு, "உனக்கு ஸ்ட்ரெஸ் ஸ்கோர் 29 வந்திருக்கு, ஹை-னு போட்டிருக்கு. ஜெனரல் வார்டுக்கு மாத்திடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அதே டியூட்டி பார்க்கும் தோழிக்கு 11தானாம். "அவளால முடியுது, என்னால முடியல. நான் பலவீனமானவளா?" என்று கேட்கிறார். கணவர் வேலையை விடச் சொல்கிறார். கொழுந்தனார், தாளெல்லாம் நம்பாதீங்க அண்ணி, ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பாருங்கள் என்கிறார். இது மனநோய் என்று பதிவாகிவிடுமோ என்ற பயம் வேறு. மூன்று மாதம் கழித்து அதே தாள் மறுபடி வருமாம். "அப்போ எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்று முடித்திருக்கிறார். கொடுப்பதற்கு முன் செல்போனில் எடுத்த அந்தத் தாளின் படத்தையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சிஸ்டர்,

இருபத்தைந்து வருடமாக ஆஸ்பத்திரியில் உங்களைப் போன்றவர்களை இப்படித்தான் அழைத்திருக்கிறேன். இங்கேயும் அப்படியே அழைக்கிறேன். நீங்கள் அந்தப் படத்தை அனுப்பியது ரொம்ப நல்லதாய்ப் போயிற்று. அதை வைத்துத்தான் முதலில் பேச வேண்டும்.

உங்களுக்குக் கொடுத்தது பி.எஸ்.எஸ்.-10 (Perceived Stress Scale) என்கிற வினாத்தாள், ஒருவர் தன் மன அழுத்தத்தை எவ்வளவு உணர்கிறார் என்று அளப்பது. அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்களும் 1983-இல் 14 கேள்விகளோடு வெளியிட்டது. பிறகு 10 கேள்விகளாகச் சுருங்கியது. கடந்த ஒரு மாதத்தில் இப்படி எத்தனை தடவை உணர்ந்தீர்கள் என்று கேட்கும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. ஆறு கேள்விகள் கஷ்டத்தைப் பற்றியவை: எதிர்பாராமல் நடந்ததால் மனம் கலங்கியதா, பாரம் மேலே மேலே குவிந்ததா என்பது போல. மற்ற நான்கும், அதாவது 4, 5, 7, 8-ஆம் கேள்விகள், நேர்மாறானவை: பிரச்சினையைச் சமாளிப்பேன் என்ற நம்பிக்கை இருந்ததா, எரிச்சலை அடக்க முடிந்ததா என்று கேட்பவை. இந்த நான்குக்கு மட்டும் மார்க்கைத் திருப்பிப் போட வேண்டும். 4 என்று எழுதியிருந்தால் 0, 3 என்றால் 1. நம்பிக்கை அதிகமாக இருக்கிறவருக்கு அழுத்தம் குறைவு என்பதுதானே கணக்கு.

இப்போது உங்கள் தாள். கஷ்டக் கேள்விகள் ஆறுக்கும் நீங்கள் போட்டது 3, 3, 4, 3, 2, 3. கூட்டினால் 18. மற்ற நான்குக்கு 3, 2, 3, 3. கூட்டினால் 11. பதினெட்டும் பதினொன்றும் 29. உங்கள் இன்சார்ஜ் சொன்ன அதே 29. அந்த மாணவர் நான்கு கேள்விகளையும் திருப்பவில்லை, அப்படியே கூட்டிவிட்டார். திருப்பினால் அவை 1, 2, 1, 1. ஆக 5. உங்கள் சரியான ஸ்கோர் 23.

யோசித்துப் பாருங்கள் சிஸ்டர். அந்த மாதத்திலும் 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற கேள்விக்கு நீங்கள் 'அடிக்கடி' என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தையே உங்கள் குறையாகச் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள். படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

தோழியின் 11

உங்களுக்கு மட்டும் தப்பாகக் கூட்டியிருக்க மாட்டார்கள். எல்லாருடைய எண்களையும் ஒரே கணினிப் பட்டியலில் ஒரே சூத்திரம் போட்டுத்தான் கூட்டியிருப்பார்கள். அப்படியானால் உங்கள் தோழியின் 11-க்கும் அர்த்தமில்லை. நம்பிக்கைக் கேள்விகளுக்கு மட்டும் 11 போட்டு, கஷ்டக் கேள்விகளுக்கு எல்லாம் 0 போட்டிருந்தால் அவருடைய உண்மையான ஸ்கோர் 5. அப்படியில்லாமல், கஷ்டக் கேள்விகளிலிருந்தே அந்த 11 வந்து, நம்பிக்கைக் கேள்விகள் நான்குக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டிருந்தால் அவருடைய உண்மையான ஸ்கோர் 27. உங்களைவிட அதிகம்! எது என்று அவர் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. யாருமே கவலைப்படாத ஒருவர் அங்கே தனியாகத் தவித்துக்கொண்டிருக்கவும் கூடும். அடுத்த டியூட்டியில் டீ குடிக்கும்போது, "நீ எப்படி இருக்கே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தோழியின் ஸ்கோர் நிஜமாகவே குறைவாக இருந்தாலும் அதனால் நீங்கள் பலவீனமானவர் ஆகிவிட மாட்டீர்கள். இந்த வினாத்தாள் வேலையின் கனத்தை அளப்பதில்லை. அதற்கென்று வேறு வினாத்தாள்கள் உண்டு. வாழ்க்கையில் நடந்த சம்பவங்களை எண்ணுகிற பட்டியலும் தனியாக உண்டு. ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் 1967-இல் வெளியிட்டது அது. துணையை இழந்தால் 100, கல்யாணம் என்றால் 50 என்று 43 சம்பவங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். அதில் ஒரு குறை இருந்தது. ஒரே சம்பவம் ஒருவரைச் சாய்த்துப் போடுகிறது, இன்னொருவரைத் தொடாமலே போகிறது. அதனால்தான் கோஹன் போன்றவர்கள் சம்பவத்தை விட்டுவிட்டு, 'உங்களுக்கு எப்படிப் பட்டது' என்று நேராகக் கேட்டார்கள். கைக்கு மீறிப் போகிறது என்ற உணர்வைத்தான் இது கேட்கிறது. அந்த உணர்வுக்குள் உங்கள் ஐசியூ மட்டுமா இருக்கிறது? மாமியாரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், மகளின் பரீட்சையும், நைட் முடித்து வந்து பகலில் மூன்று மணி நேரம் மட்டுமே தூங்குவதும் சேர்ந்தே இருக்கின்றன. தோழியின் வீட்டில் சமைத்து வைக்க ஓர் அம்மா இருக்கலாம். 'இந்த ஸ்கோரே சொல்லுது, வேலைதான் காரணம்' என்று உங்கள் கணவர் சொல்வதற்கும் இந்தத் தாளில் ஆதாரம் இல்லை. வேலையை விட்டால் மாமியாரின் பராமரிப்பு முழுக்க உங்கள் தலையில் விழும், சம்பளமும் நின்றுபோகும். முடிவெடுப்பதற்கு முன் அவரோடு உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

23 என்றால் என்ன?

29 'ஹை', 23 'மாடரேட்', தப்பித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். 13 வரை குறைவு, 26 வரை நடுத்தரம், 27-லிருந்து அதிகம் என்று இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. உங்கள் மாணவரும் அதைத்தான் எடுத்திருப்பார். வினாத்தாளை உருவாக்கியவர்கள் அப்படி எந்தக் கோடும் போடவில்லை. இது நோயைக் கண்டறியும் கருவி இல்லை, ஒரு கூட்டத்துக்குள் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட மட்டுமே உதவும் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. 26-க்கும் 27-க்கும் நடுவே ஒரு மனுஷியின் வாழ்க்கையில் எதுவும் மாறிவிடுவதில்லை. அமெரிக்காவில் 1983-இல் 2,387 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் பெண்களின் சராசரி 13.7 வந்தது. அது அந்த ஊர், அந்தக் காலம். தமிழ்நாட்டு ஐசியூவில் நைட் பார்க்கிற செவிலியருக்கு அதை அளவுகோலாக வைத்தால் நியாயமாகாது.

அப்படியானால் இதெல்லாம் வீண்வேலையா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 1991-இல் வெளியானது, கோஹனும் அதில் ஒருவர். ஆரோக்கியமான 394 பேரிடம் இந்த வினாத்தாளோடு இன்னும் இரண்டையும் கொடுத்து மன அழுத்தத்தை அளந்தார்கள். பிறகு அவர்கள் மூக்கில் சளி வைரஸ் சொட்டு மருந்தாக விட்டுத் தனிமைப்படுத்திப் பார்த்தார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் 47 பேருக்கு. மனசில் பட்டதை ஒரு தாளில் கேட்டே, உடம்பு கிருமியை எப்படி எதிர்கொள்ளும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது பெரிய விஷயம். அதே எண்களை மறுபடி பாருங்கள். அழுத்தம் மிக அதிகமாக இருந்த நூறு பேரிலும் 53 பேருக்குச் சளியே பிடிக்கவில்லை. நூறு பேரைப் பற்றிச் சொல்ல இந்தத் தாளால் முடியும். அந்த நூறில் ஒருவரான உங்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஒருவரை வார்டு மாற்றுவதற்கு இதைப் பயன்படுத்துவது, ஊர் மழையளவை வைத்து உங்கள் வீட்டுக் கிணற்றில் இத்தனை அடி தண்ணீர் என்று சொல்வது மாதிரி.

இன்னொன்றும் உண்டு, இதில் எனக்கே ஒரு பழைய குற்ற உணர்ச்சி இருக்கிறது. நான் பி.ஜி. படித்தபோது ஓ.பி.யில் இதே மாதிரி ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதினேன். பீடி சுற்றும் ஓர் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. "முக்கியமான விஷயங்கள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று எத்தனை முறை உணர்ந்தீர்கள்?" என்று படித்தேன். அவர் என்னையே பார்த்தார். "எது தாயி என் கையில இருந்துச்சு? மழை வந்தா இலை நனைஞ்சிரும். அவரு குடிச்சிட்டு வந்தா அன்னைக்குச் சோறு கிடையாது. எத்தனை தடவைன்னு எதை எண்ணுறது?" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் 4 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவர் சொன்னது எவ்வளவு பெரிய பதில் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வினாத்தாளைத் தமிழாக்கும்போது ஒருவர் மொழிபெயர்த்து, இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்த்து, பிறகு நம் ஊர் ஜனங்களிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். நேரமில்லை என்று தவிர்ப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியைத்தான். 'கட்டுப்பாடு' என்ற சொல்லே நம் வீடுகளில் வேறு மாதிரிதான் காதில் விழும். கட்டுப்பாடு என்றால் அப்பாவும் புருஷனும் விதிப்பது!

உங்கள் உரிமைகள்

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் ஸ்கோர் இன்சார்ஜ் சிஸ்டர் கைக்குப் போனதுதான் இந்தக் கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது. மருத்துவ ஆராய்ச்சிக்கென்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. பங்கேற்பது உங்கள் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காக எந்தப் பாதிப்பும் வரக்கூடாது, உங்கள் தகவல் ரகசியமாக இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் மறுத்துப் பேசத் தயங்குவார்கள் என்பதால், அவர்களிடம் ஆராய்ச்சி செய்யும்போது கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பதும் அதில் உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் நகலும் தகவல் தாளும் உங்களுக்குச் சேர வேண்டியவை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். நைட் முடிந்து கிளம்பும் நேரத்தில் நீட்டினால் யார் படிப்பார்கள்? இப்போது கேட்டு வாங்கிப் படியுங்கள். நிர்வாகத்திடம் பகிர்வோம் என்று அதில் வரி இல்லையென்றால், பகிர்ந்தது நெறிமுறை மீறல். ஒருவேளை அது ஆராய்ச்சியே இல்லை, நிர்வாகம் நடத்திய சர்வே என்று தெரியவந்தால் விஷயம் வேறு. அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மனநோய் என்று பதிவாகுமா என்றால், ஆகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயைத் தீர்மானிக்க ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்கள் வேண்டும் என்கிறது. பத்துக் கேள்வித் தாளில் வந்த ஒரு எண்ணை வைத்து யாரும் அதை முடிவு செய்ய முடியாது. அதே சட்டம், நீங்கள் நாளைக்கு மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்கே போனாலும் அந்த விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையையும் தருகிறது. பயந்துகொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்? முதலில் அந்த மாணவரிடம் பேசுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். "தம்பி, 4, 5, 7, 8 நாலையும் திருப்பிப் போட்டீங்களா?" என்று கேட்டாலே போதும், அவருக்கு வேர்த்துவிடும். இந்தத் தவறோடு தீசிஸ் போனால் அவருடைய முடிவு முழுக்கத் தப்பாகிவிடும். நீங்கள் சொல்வது அவருக்கும் உதவிதான். தாளில் பெயருக்குப் பதிலாக வெறும் குறியீட்டு எண் போடச் சொல்லுங்கள், உங்கள் ஸ்கோரை யார் யாரிடம் கொடுத்தார் என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், "கணக்கு தப்பு மேடம், இதை வைத்து என் ரோஸ்டரை மாற்ற வேண்டாம்" என்று சொல்லலாம். அவர் கேட்ட விதத்தைப் பார்த்தால் அக்கறையில்தான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. இவை பலிக்காவிட்டால், ஆராய்ச்சிகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுதலாம். தொடர்பு எண் தகவல் தாளில் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியாளாக இருக்க வேண்டும் என்பது விதி, உங்களுக்கு அது ஒரு பிடிமானம். ஆனாலும் தனியார் ஆஸ்பத்திரியில் புகார் எழுதுகிற செவிலியருக்கு என்ன நடக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயமா, கூட நிற்க ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துச் செய்யுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒருவரை மட்டும் தனியாகக் குறிவைப்பது கஷ்டம்.

ஜெனரல் வார்டு மாற்றம் உங்களுக்கே வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கேளுங்கள். மாமியார் எழுந்து நடக்கும் வரை நைட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. அதை உங்கள் தேவையாக, உங்கள் வாயால் கேளுங்கள்.

கார்டிசால் வேண்டாம், இதைப் பாருங்கள்

கொழுந்தனாருக்கு நல்ல மனசு. ஆனால் ரத்தத்தில் கார்டிசால் விடியலில் ஏறும், நடுராத்திரியில் இறங்கும். நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கு அந்தத் தாளமே குழம்பிக் கிடக்கும். கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் அந்தப் பரிசோதனை உதவும். மன அழுத்தம் எவ்வளவு என்று ஒருநாள் ரத்தத்தில் தெரியாது. 'எப்படி இருக்கிறது உங்களுக்கு?' என்று ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதை மிஞ்சிய கருவி இதற்கு இன்னும் வரவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: டியூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடக்கிறது, பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வருகிறது, மகள் மேல் எரிந்து விழுகிறேன் என்று. ஸ்கோரைவிட எனக்கு அந்த வரிதான் பெரிது. ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றையும் இந்த வாரமே பாருங்கள். படபடப்புக்கு ரத்தச்சோகையும் தைராய்டும் காரணமாவதை நீங்களே எத்தனை பேரிடம் பார்த்திருப்பீர்கள். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா என்று அந்தப் பத்துக் கேள்வியில் ஒன்றுகூடக் கேட்காது. நான் கேட்கிறேன். வந்தால் காத்திருக்காதீர்கள். 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண், இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது.

கடைசியாக, அடுத்த சுற்றுத் தாள். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். மாணவர் கணக்கைச் சரிசெய்துவிட்டார் என்றால் அந்த நான்கு கேள்விகளும் திரும்பி, பத்துப் பூஜ்யத்துக்கு 16 வரும். 'சமாளிப்பேன் என்ற நம்பிக்கை ஒருபோதும் இல்லை' என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போலவும் ஆகும். தாளில் பெயர் இல்லை, ஸ்கோர் மாணவரையும் அவருடைய வழிகாட்டியையும் தாண்டிப் போகாது என்று எழுத்தில் உறுதி கிடைத்தால், இருப்பதை உள்ளபடி எழுதுங்கள். அந்த உறுதி கிடைக்காவிட்டால் தாளை நிரப்பாமல் திருப்பிக் கொடுத்து, "நான் விலகிக்கிறேன் தம்பி" என்று சொல்லுங்கள். ஏன் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட உங்களுக்கு இல்லை.